பலகையின் வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறாமல் காப்பது எப்படி?

உங்கள் வீட்டு சிங்குக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து, கழிவுநீர்க் குழாய் போகும் ஓட்டையைச் சுற்றி ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பலகை தட்டையாக, கெட்டியாக இருந்தால் நல்லது. ஓட்டையின் ஓரம் மேடு தட்டி, மைக்கா லேசாகத் தூக்கிக்கொண்டு, நகத்தால் அழுத்தினால் உள்ளே அமுங்கினால், அந்த ஓட்டையைப் போட்டவர் போட்டதோடு விட்டுவிட்டார் என்று பொருள். இவ்வளவுக்கும் பலகையின் மேல்பக்கம் புதுசு போலப் பளபளவென்று இருக்கும். தண்ணீர் ஏறியது வெட்டிய இடத்தின் வழியாக.

முதல்முறையாக ப்ளைவுட்டோ எம்.டி.எஃப். பலகையோ வாங்கி நீங்களே ஓர் அலமாரி செய்யப் போகிறீர்களா? அல்லது ஆசாரியை வைத்துச் செய்கிறீர்கள், பக்கத்தில் நின்று எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரியவேண்டுமா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் செய்த முதல் சமையலறை தாம்பரத்தில் அக்கா வீட்டுக்கு. கண்ணுக்குத் தெரியும் ஓரங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து எட்ஜ் பேண்ட், அதாவது ஓரத்தை மூடும் பிளாஸ்டிக் பட்டை, ஒட்டினேன். தரையைத் தொடும் அடி ஓரம், சுவரைத் தொடும் பின் ஓரம், குழாய் ஓட்டை ஆகியவற்றை எதுவும் பூசாமல் பச்சையாகவே விட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் போன் வந்தது. "தம்பி, சிங்க் பக்கத்துக் கதவு மூடவே மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போடா." போய்ப் பார்த்தால், பக்கப் பலகையின் அடி மூன்று அங்குல உயரத்துக்கு ஊதி நின்றது. பெரிய கசிவு எதுவும் இல்லை. தினமும் தரை துடைத்த தண்ணீர்தான் கீழிருந்து ஏறியிருக்கிறது. அன்றிலிருந்து நான் ஓரம் பூச ஆரம்பிப்பதே யாரும் பார்க்காத பக்கத்திலிருந்துதான்.

ஓரம் ஏன் இவ்வளவு குடிக்கிறது?

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய வழி அது. குறுக்கே அறுத்தால் அத்தனை குழாயும் வாய் திறந்து நிற்கும். பலகையின் மேல்பக்கம் ஈரம் இழுப்பதைவிட இந்த வெட்டுவாய் பல மடங்கு வேகமாக இழுக்கும்.

ப்ளைவுட்டில் ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் ஒட்டியிருப்பார்கள். அதனால் எந்தப் பக்கம் அறுத்தாலும் ஏறக்குறைய பாதி அடுக்குகள் வாய் திறந்தே இருக்கும். "இந்தப் பக்கம் பரவாயில்லை, அந்தப் பக்கம்தான் பூச வேண்டும்" என்ற பேச்சுக்கே ப்ளைவுட்டில் இடமில்லை.

எம்.டி.எஃப். கதை வேறு. மர நாரைப் பசையோடு கலந்து சூட்டில் வைத்து அழுத்திச் செய்வது அது. அழுத்தும்போது மேலும் கீழும் உள்ள தோல் இறுகிக் கெட்டியாகிவிடும். நடுப்பகுதி கொஞ்சம் தளர்வாகவே நிற்கும். அறுத்ததும் ஓரத்தில் தெரிவது அந்தத் தளர்ந்த நடுப்பகுதிதான். அதில் தண்ணீர் பட்டால், அழுத்தி வைத்திருந்த நார் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கும். அப்புறம் காய்ந்தாலும் அது இறங்காது. மரச்சில்லுகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டும் இப்படித்தான், இன்னும் சீக்கிரமாகவே. நனைந்த ப்ளைவுட்டைக் காயவைத்து ஓரளவு மீட்கலாம். இவை இரண்டும் ஒருமுறை ஊதினால் ஊதியதுதான்.

கடையில் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "இது மரைன் ப்ளை சார், தண்ணியிலேயே போட்டு வைக்கலாம்." ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரமுத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் நல்ல பலகை என்பதில் சந்தேகமில்லை. அதன் சோதனைத் துண்டுகளை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை கேட்பது, அடுக்குகளை ஒட்டிய பசை விடுகிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியைத்தான். பசை தாங்கும், அடுக்குகள் என்னவோ மரம்தான். மரம் தண்ணீர் குடிக்கும், விரியும், காயும், சுருங்கும். வருடக்கணக்கில் அப்படி நடந்தால் மேலே ஒட்டிய மைக்கா விடும், ஓரம் கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். விலை உயர்ந்த பலகை வாங்கினால் ஓரம் பூச வேண்டாம் என்று நினைப்பது, நல்ல செருப்பு வாங்கினேன், இனிக் கால் கழுவ வேண்டாம் என்பது போல.

எந்த இடத்துக்கு எந்தப் பலகை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கமர்ஷியல் என்று கடையில் சொல்வது எம்.ஆர்., அதாவது காற்றின் ஈரத்தை மட்டும் ஓரளவு தாங்கும் வகை; படுக்கையறை, ஹால், புத்தக அலமாரிக்குப் போதும். சிங்கின் அடிப்பகுதி, குளியலறைக் கதவு, வாஷ்பேசின் அலமாரி, துணி துவைக்கும் இடம் இவற்றுக்கெல்லாம் ஐ.எஸ். 710. எம்.டி.எஃப். பலகையையும் பார்ட்டிகிள் போர்டையும் சிங்குக்குக் கீழே போட வேண்டாம் என்பது என் முடிவான அபிப்பிராயம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், கீழே சொல்வதை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

வெட்டுவதற்கு முன்

பலகை வந்து இறங்கியதும் தரையில் போடாதீர்கள். மூன்று நான்கு ரீப்பர் கட்டைகளைப் பரப்பி அதன்மேல் படுக்கவைத்து, வேலை செய்யப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஈரம் ஏறிய பலகையின் ஓரத்தை அடைத்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அடைமழை நாளில் ஓரம் பூசும் வேலையை வைத்துக்கொள்ளாமல் இருந்தால் உத்தமம். பூச்சும் காயாது, பலகையும் காயாது.

அளவு போட்டு முடித்ததும் பென்சிலால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஓர் அடையாளம் போடுங்கள். நான் தெரியும் ஓரத்துக்கு ஒரு கோடும், தெரியாத ஓரத்துக்கு இரண்டு கோடும், தண்ணீர் படும் ஓரத்துக்கு மூன்று கோடும் போடுவேன். கோடு இல்லாத ஓரம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஷீட்டோடு வந்த கம்பெனி வெட்டு ஓரமும் இதில் சேர்த்திதான். அதற்குப் பூசி அனுப்பியிருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம் வரிசை. வெட்டு, ஓட்டை, கீல் குழி எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். அப்புறம் பூசுங்கள். அதற்கப்புறம்தான் பொருத்த வேண்டும். பொருத்திய பிறகு அடி ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் பிரஷ் எட்டாது. ஆசாரி அவசரத்தில் "மாட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்றால், "இல்லண்ணே, இத பூசிட்டே மாட்டிடலாம், ஒரு நாள் ஆனாலும் பரவாயில்ல" என்று தன்மையாகச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலியில் பத்து வருடப் பலகையைக் காப்பாற்றுகிறீர்கள்.

வெட்டு சுத்தமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

பற்கள் நெருக்கமான, கூரான பிளேடு போடுங்கள். மழுங்கிய பிளேடு மைக்காவையும் மேல் அடுக்கையும் பிய்த்துவிடும். பிய்ந்த இடம் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வாசல். வெட்டும் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து அறுத்தால் சிலும்பாது.

அறுத்ததும் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ப்ளைவுட்டில் அங்கங்கே கறுப்பாகச் சின்னச் சின்னப் பொந்துகள் தெரியும். உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று சேராமல் விட்ட இடைவெளி அது. ஆசாரிகள் 'கேப்' என்பார்கள். ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், சில பொந்துகள் ஓர் அங்குலம் வரை உள்ளே போகும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் இந்தப் பொந்தை அது அடைக்காது. சுவருக்குப் பார்க்கும் பட்டியை இதில் வைக்காதீர்கள். மரம் அசையும்போது அது விரிசல் விட்டு உதிரும். எம்-சீல் மாதிரி இரண்டு பகுதியைப் பிசைந்து அடைக்கும் எப்பாக்ஸி பட்டியை உள்ளே அழுத்தித் திணியுங்கள். இல்லையென்றால் அறுத்தபோது விழுந்த மரத்தூளையே எப்பாக்ஸி பசையில் குழைத்து வைக்கலாம். இறுகியதும் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

தேய்ப்பதற்கு 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180. எம்.டி.எஃப். என்றால் 240 வரை போங்கள். உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால்தான் ஓரம் சமமாக வரும். கையில் பிடித்துத் தேய்த்தால் நடுவில் குழி விழும். பூச்சு அடிக்கப்போகும் ஓரமாக இருந்தால், இரண்டு பக்கக் கூர்முனையையும் லேசாக உருட்டிவிடுங்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். கூர்முனையில் எந்தப் பெயின்டும் நிற்காது, இரண்டு பக்கமும் வழிந்து அங்கே மட்டும் படலம் மெலிந்துவிடும். பூசிய ஓரங்களில் முதலில் தோற்பது அந்த முனைதான்.

தேய்த்த தூள் மரத்தின் துளைகளில் அடைத்துக்கொண்டிருக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். தண்ணீர்த் துணி வேண்டாம். எம்.டி.எஃப். தூள் மிகவும் நுண்ணியது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து வேலை செய்யுங்கள்.

தெரியாத ஓரங்களுக்குப் பூச்சு

இதற்கு எளிய, மலிவான வழி எண்ணெய் வகை வுட் பிரைமரும் எனாமல் பெயின்டும். எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்கும். கெட்டியாக எடுத்து ஒரே கோட்டில் அப்பிவிடாமல் இருப்பதுதான் இதில் சூட்சுமம். முதல் கோட்டுக்கு, பத்துப் பங்கு பிரைமருக்கு ஒன்றரைப் பங்கு டர்பன்டைன் என்ற அளவில் நீர்க்கக் கலக்குங்கள். நீர்த்த பூச்சுதான் அந்தக் குழாய்களுக்குள் இறங்கும்.

பலகையை ஓரம் மேலே பார்க்கும்படி நிறுத்தி, பிரஷ்ஷால் இழுக்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். அருகில் குனிந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்: ஈரமாக மின்னிய ஓரம் ஒரு நிமிடத்தில் அங்கங்கே மங்கும். குறுக்கடுக்குகள் மட்டும் வரிவரியாக மங்கி, நெடுக்கடுக்குகள் இன்னும் மின்னிக்கொண்டிருக்கும். மங்கிய வரிகள்தான் வாய் திறந்த குழாய்கள். அங்கே மறுபடி ஒற்றுங்கள். இப்படி அது குடிப்பதை நிறுத்தும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் தடவினால் சொரசொரவென்று நார் எழுந்து நிற்கும். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தட்டிவிட்டு, நீர்க்காத எனாமல் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி. டப்பாவில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்தாலும், ஈரக்காற்று அடிக்கும் நாளில் அதைவிடக் கூடவே விடுங்கள்.

எம்.டி.எஃப். ஓரத்துக்குத் தண்ணீர் கலந்த பிரைமரை முதல் கோட்டாகக் கொடுக்காதீர்கள். எந்தத் தண்ணீரிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறோமோ அதையே நாம் ஊட்டியது போலாகும். நார் உடனே எழும். எண்ணெய் வகையோ, இரண்டு டப்பாவாக வரும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலரோ போடுங்கள். பி.யு. வகையைக் கலந்தபின் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், கலவை விகிதம் டப்பாவில் உள்ளபடியே இருக்க வேண்டும், அடிக்கும்போது ஜன்னலெல்லாம் திறந்திருக்க வேண்டும்.

வெள்ளை ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஓரத்தில் தடவுவதைப் பலரும் செய்கிறார்கள். எம்.டி.எஃப். ஓரம் பெயின்டைக் குடித்துத் தீர்க்காமல் இருக்க அது உதவும், அந்த வேலைக்கு நல்லதுதான். ஈரக்காப்பு என்று அதை நம்பிவிடக் கூடாது. சாதாரண வெள்ளைப் பசை தொடர்ந்து தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். சாண்டிங் சீலரும் அப்படியே. பெயரில் சீலர் இருந்தாலும், தேய்த்து வழவழப்பாக்கத்தான் அது; அதன்மேல் ஒரு நிஜமான மேல்பூச்சு வேண்டும்.

மூன்று கோடு போட்ட ஓரங்கள், அதாவது நேராகத் தண்ணீர் படும் இடங்களுக்கு, நான் எனாமலோடு நிற்பதில்லை. எப்பாக்ஸி பூசுவேன். பசையும் இறுக்கியும் தனித்தனியாக வரும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், அது உள்ளே இறங்கும் முன்பே கல்லாகிவிடும். மெதுவாக இறுகும் வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து எடுங்கள். மொத்தமாகக் கலந்தால் கிண்ணத்திலேயே சூடேறிக் கெட்டியாகும். ஒரு சின்ன உபாயம்: பூசுவதற்கு முன் ஓரத்தை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்குங்கள். மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது பசையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கையுறை போடாமல் எப்பாக்ஸியைத் தொடாதீர்கள், சிலருக்குத் தோல் தடித்துவிடும்.

தெரியும் ஓரங்களுக்கு எட்ஜ் பேண்ட், அல்லது பீடிங்

கதவு, டிராயர், ஷெல்ஃபின் முன் ஓரம் இவற்றுக்குப் பி.வி.சி. எட்ஜ் பேண்ட் ஒட்டுவதுதான் இப்போது வழக்கம். 0.8 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். அடிபடும் கதவு ஓரத்துக்கு 2 போடுங்கள், உள் ஷெல்ஃபுக்கு 0.8 போதும். 18 மில்லிமீட்டர் பலகையில் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினால் கிட்டத்தட்ட 20 வரும், அதனால் 22 அகல டேப் வாங்கினால் இரண்டு பக்கமும் சீவிவிட இடம் கிடைக்கும்.

மெஷினில் ஒட்டித் தரும் கடை பக்கத்தில் இருந்தால் அங்கேயே கொடுங்கள். சூட்டில் உருகும் பசையைச் சீராகத் தடவி, உருளையால் அழுத்தி ஒட்டும் மெஷின் வேலை கைவேலையைவிட நிற்கும். அதிலும் பி.யு.ஆர். பசை போடுகிறார்களா என்று கேளுங்கள். சாதாரண உருகு பசை அடுப்புச் சூட்டிலும் ஆவியிலும் இளகக்கூடும், பி.யு.ஆர். ஒருமுறை இறுகினால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் நன்றாகத் தாங்கும். அடுப்புக்குப் பக்கத்துக் கதவுகளுக்காவது கேட்டு வாங்கலாம்.

கையால் ஒட்டுவதென்றால் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசை. இந்த ஓரத்தில் எனாமல் அடிக்காதீர்கள், பசை பிடிக்காது. அதற்குப் பதில் பசையையே இரண்டு முறை தடவுங்கள். முதல் தடவை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டால் மரத்துக்குள் இறங்கி ஓரத்தை அடைக்கும். இரண்டாவது முறை ஓரத்திலும் டேப்பிலும் தடவி, விரலை வைத்தால் ஒட்டாமல் வரும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் 10, 15 நிமிடம். ஈரமாக இருக்கும்போது ஒட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. ஒரு முனையிலிருந்து பொறுமையாக ஒட்டிக்கொண்டே போய், மரக்கட்டையால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறையில் ஒட்டினால் அடுப்பு மட்டுமில்லை, சிலிண்டர் வால்வையும் மூடி, சாமி விளக்கையும் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒட்டி முடித்ததும் மூலைகளைப் பாருங்கள். ஒரு டேப் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மயிரிழை அளவு சந்து தெரியும். கதவின் கீழ் மூலையில் அந்தச் சந்து இருந்தால் வழியும் தண்ணீர் நேராக அங்கேதான் போய் நிற்கும். ஒரு சொட்டு எப்பாக்ஸியைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு வைத்தால் தீர்ந்தது.

பழைய முறை ஒன்று இருக்கிறது, எனக்கு இன்றும் பிடித்தது: தேக்கு பீடிங். பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தேக்கு ரீப்பரை இழைத்து, தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவி, தலையில்லாத ஆணி அடித்து ஓரத்தில் பதிப்பார்கள். வாய் திறந்த அடுக்குகளின்மேல் நீளவாக்கு மரம் மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். பாலிஷோ வார்னிஷோ அடித்துவிட்டால் இருபது வருடம் ஆனாலும் அசையாமல் இருக்கும் அலமாரிகளைப் பார்த்திருக்கிறேன். கூலி கூடுதல். குளியலறைக் கதவுக்கு அந்தக் கூலியைக் கொடுக்கலாம்.

ஓட்டைகளும் வெட்டிய ஓரம்தான்

இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். நம் ஊரில் சிங்க் பெரும்பாலும் கிரானைட் மேடையில் உட்காருவதால் சிங்குக்காகப் பலகையை வெட்டுவது குறைவு. ஆனால் கழிவுக்குழாய், தண்ணீர் இணைப்பு, வடிகட்டும் மெஷினின் ட்யூப், பிளக் வயர் என்று அடிப்பலகையிலும் பின்பலகையிலும் நாலைந்து ஓட்டைகள் விழும். அதுவும் அலமாரி மாட்டி முடித்து, ஆசாரி போன பிறகு பிளம்பர் வந்து போடும் ஓட்டைகள். அவர் குழாயை இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஓரம் பச்சையாக நிற்கும்.

ஓட்டையைக் குழாயின் அளவைவிட ஐந்து மில்லிமீட்டராவது சுற்றிலும் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். குழாய் நுழைக்கும் முன் ஓட்டையின் உள்சுவரில் எப்பாக்ஸியோ எனாமலோ இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். பழைய டூத் பிரஷ் இதற்கு அருமையான கருவி. குழாய் இறங்கியதும் சுற்றியுள்ள இடைவெளியைச் சிலிக்கானால் அடையுங்கள். உலோகமும் கல்லும் பக்கத்தில் இருந்தால் நியூட்ரல் வகை சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். காடி வாசனை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும். சிலிக்கான் எப்போதும் கடைசி வேலை, அதன்மேல் எந்தப் பெயின்டும் பிடிக்காது. சிலிக்கானை மட்டும் வைத்துவிட்டு ஓரம் பூசாமல் விடுவதும் சரியில்லை. ஒருநாள் குழாய் அசைந்து சிலிக்கான் விடும். அன்றைக்குப் பலகையைக் காப்பாற்றப்போவது உள்ளே இருக்கும் பூச்சுதான்.

கதவின் கீலுக்காகத் தோண்டும் 35 மில்லிமீட்டர் குழி, கைப்பிடி ஓட்டை, ஸ்க்ரூ ஓட்டை எல்லாமே மேல்தோலைத் துளைத்து உள்ளே போகிறவை. கீல் குழிக்குள் ஒரு கோட் பிரைமர் தொட்டு வையுங்கள். சிங்க் பக்கத்து அலமாரியில் ஸ்க்ரூ ஏற்றும்போது ஓட்டையில் ஒரு துளி தண்ணீர் தாங்கும் மரப்பசை விட்டு ஏற்றினால் பிடிமானமும் கூடும், ஈரமும் ஏறாது.

தரையும் சுவரும்

எவ்வளவு பூசினாலும் பலகை தண்ணீரில் நின்றால் ஒருநாள் தோற்கும். அதனால் அலமாரியை முடிந்தவரை நான்கு அங்குல பிளாஸ்டிக் கால்களிலோ, சிமென்ட் மேடையிலோ தூக்கி நிறுத்துங்கள். பக்கப் பலகை தரைவரை வந்தே ஆகவேண்டும் என்றால், அடி ஓரத்துக்கு எப்பாக்ஸி பூசி, கீழே மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்குப் பிளாஸ்டிக் துண்டுகள் வைத்து நிறுத்துங்கள். அந்தச் சந்து கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துடைத்த தண்ணீர் காய்ந்துபோக வழி இருக்கும்.

அடி ஓரத்தில் அலுமினிய 'யு' சேனலை மாட்டிவிடுவது அழகாகத் தெரியும். உள்ளே பூசாமல் மாட்டினால் அது தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி. பூசி, சேனலுக்குள் சிலிக்கான் நிரப்பி மாட்டினால் மட்டுமே பிரயோஜனம்.

சுவர்ப் பக்கம் ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள். புதுச் சுவராக இருந்தாலோ, மறுபக்கம் குளியலறையாக இருந்தாலோ இது கட்டாயம். பின்பலகையின் வெளிப்பக்கம் மைக்கா இல்லாமல் பச்சையாக இருந்தால், ஓரத்தோடு சேர்த்து அந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரு கோட் பிரைமர் அடித்துவிடுங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்தப் பூச்செல்லாம் தெறிக்கும் தண்ணீருக்கும் துடைக்கும் தண்ணீருக்கும் காற்றின் ஈரத்துக்கும்தான். 2015 டிசம்பரில் சென்னையில் நடந்தது போல வீட்டுக்குள் வெள்ளம் வந்து நாள்கணக்கில் நின்றால் எந்த ஓரப் பூச்சும் தாங்காது. தாழ்வான பகுதியில் வீடு என்றால் கீழ் அலமாரிக்கு மரப்பலகையே வேண்டாம். சிமென்ட் தடுப்பு எழுப்பி அலுமினியக் கதவு போடுங்கள், அல்லது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. பலகை பாருங்கள்.

பூசியது சரியாக இருக்கிறதா?

வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரே பலகையின் இரண்டு சின்னத் துண்டுகளை எடுத்து, ஒன்றுக்கு உங்கள் முறைப்படி ஓரம் பூசுங்கள், இன்னொன்றைப் பச்சையாக விடுங்கள். பூச்சு முழுவதும் இறுக ஒரு வாரம் விட்டு, ஒரு தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி இரண்டையும் ராத்திரி முழுக்க நிறுத்தி வையுங்கள். காலையில் கீழ்ப்பக்கத்தை விரலுக்கு இடையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். எம்.டி.எஃப். துண்டாக இருந்தால் பச்சைத் துண்டின் அடி பூரான் கடித்த விரல் மாதிரி வீங்கியிருக்கும். பூசிய துண்டும் ஓரிடத்தில் தடித்திருந்தால் அங்கே கூர்முனையில் பூச்சு மெலிந்திருக்கிறது, அல்லது ஒரு பொந்து அடைபடவில்லை. நிஜ வேலையில் அதைத் திருத்திக்கொள்ளலாம்.

மாட்டிய அலமாரியில் சுருக்கமாகப் பார்க்க, ஓரத்தில் ஒரு சொட்டு தண்ணீர் வையுங்கள். பத்து நிமிடம் கழித்தும் சொட்டு உருண்டையாக நின்று, துடைத்தால் அடியில் நிறம் மாறாமல் இருந்தால் சரி. கறை விழுந்தால் இன்னொரு கோட்.

ஏற்கெனவே ஊதிவிட்டதா?

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள். அதைச் செய்யாமல் பூசுவது வீண். அப்புறம் அலமாரியைக் காலி செய்து, கதவைத் திறந்து வைத்து, மின்விசிறி போட்டு ஒரு வாரமாவது காயவிடுங்கள். வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் பலகை வளையும்.

ப்ளைவுட் என்றால், காய்ந்தபின் பிரிந்த அடுக்குகளுக்கு இடையே ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் தாங்கும் மரப்பசையை உள்ளே செலுத்தி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து கிளாம்ப் போட்டு ஒருநாள் இறுக்கிவிடுங்கள். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பிறகு தேய்த்து, மேலே சொன்னபடி பூசுங்கள். மரம் கறுத்து, குத்தினால் பொடியாக உதிர்ந்தால் அது மக்கிவிட்டது. வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு ஊதியிருந்தால், மேட்டைத் தேய்த்து எடுத்து எப்பாக்ஸி ஊட்டி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், பழைய பலம் வராது. அடிப்பலகையை மட்டும் கழற்றி அந்த அளவுக்கு ஐ.எஸ். 710 ப்ளைவுட் வெட்டிப் போடுவது நல்லது. அக்கா வீட்டில் ஊதியது பக்கப் பலகை என்பதால் வேறு மாதிரி செய்தேன். பக்கப் பலகையின் அடியில் ஊதிய பகுதியை நான்கு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய ஓரத்தில் எப்பாக்ஸி மூன்று முறை பூசி, பிளாஸ்டிக் கால்களில் தூக்கி நிறுத்தினேன்.

வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிந்து மழை பிடிப்பதற்குள், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சிங்க் அலமாரிக்குள் தலையை விட்டுக் குழாய் ஓட்டை, அடி ஓரம், கதவின் கீழ் மூலை மூன்றையும் தடவிப் பாருங்கள். எங்காவது பூச்சு கீறியிருந்தால் உப்புத்தாள் போட்டு அன்றே ஒரு கோட் தொட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை.